ஓடுகிறது, சரி, நம்பலாமா? ஹாக்கின்டாஷ் பற்றிச் சில குறிப்புகள்

ஹாக்கின்டாஷ் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. கடையில் உதிரி உதிரியாக வாங்கி நாமே பூட்டிய கணினியில், ஆப்பிள் தன் கணினிகளுக்கு மட்டும் என்று செய்த மேக்ஓஎஸ்ஸை ஓட வைப்பதுதான் அது. இதைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு கேள்வி வந்துவிடும்: "இதை நம்பி தினசரி வேலைக்கு வச்சுக்கலாமா?" உடனே ஒருவர், "என்கிட்ட மூணு வருஷமா ஓடுது சார், ஒரு பிரச்சினையும் இல்ல" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தப் பதிவு அந்தப் பதிலைப் பற்றியது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. நானும் 2019-ல் ஒன்று கூட்டினேன். இன்டெல் ஐ7-8700, ரேடியான் ஆர்எக்ஸ் 580, 32 ஜிபி ராம். இன்னும் ஓடுகிறது. ஆனால் கேட்டவர் கேட்டது வேறு. நாளைக்குக் காலையில் ஒரு அப்டேட் வந்தால் என்ன ஆகும், உள்ளே என் சாவியைப் பார்த்துக்கொண்டு வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, படுத்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது, இதெல்லாம் சேர்ந்துதான் அவர் கேள்வி. மூணு வருஷம் ஓடியது என்ற தகவல் இதில் ஒன்றுக்குக்கூடப் பதில் ஆகாது.

கொஞ்சம் பழைய கதை. 2005 ஜூனில் ஆப்பிள் தன் கணினிகளை இன்டெல் சிப்புக்கு மாற்றப் போவதாக அறிவித்தது. முதல் இன்டெல் மேக்குகள் 2006 ஜனவரியில் வந்தன. சிப் ஒன்றாகிவிட்டதால் சாதாரண பிசியிலும் இது ஓடுமே என்று உலகம் முழுக்கப் பல பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ஆப்பிள் போட்ட பூட்டு சுவாரசியமானது. ஃபைண்டர், டாக் மாதிரியான சில நிரல்களை மறையாக்கம் செய்து வைத்து, அவற்றைத் திறக்கும் 64 எழுத்துச் சாவியை மேக்கின் போர்டில் இருக்கும் எஸ்எம்சி என்ற சின்ன சிப்பில் வைத்தார்கள். அந்தச் சாவியே ஒரு வேண்டுகோள் வாக்கியம்தான், திருடாதீர்கள் என்று! அதைக் கேட்டு வாங்கும் கெர்னல் துண்டின் பெயரே 'டோன்ட் ஸ்டீல் மேக் ஓஎஸ் எக்ஸ்'. சாவி சீக்கிரமே வெளியே வந்துவிட்டது. அன்று முதல் இன்று வரை ஒவ்வொரு ஹாக்கின்டாஷிலும் எஸ்எம்சி சிப் மாதிரி நடிக்கும் ஒரு நிரல் உட்கார்ந்திருக்கிறது. முன்பு ஃபேக்எஸ்எம்சி, இப்போது விர்ச்சுவல்எஸ்எம்சி.

இதை வியாபாரமாகச் செய்து பார்த்தவர்களும் உண்டு. ஃபுளோரிடாவில் சைஸ்டார் என்ற நிறுவனம் 2008-ல் மேக்ஓஎஸ் போட்ட பிசிக்களை விற்றது. அதே ஆண்டு ஆப்பிள் வழக்குப் போட்டது. 2009 நவம்பரில் தீர்ப்பு ஆப்பிள் பக்கம் வந்தது, 2011-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. வீட்டில் தனக்காக ஒன்று கூட்டிக்கொள்பவர் மேல் அந்த மாதிரி பாய்ச்சல் இல்லை. ஆனாலும் உரிம ஒப்பந்தத்தில் 'ஆப்பிள் முத்திரை உள்ள கணினியில் மட்டும்' என்ற வாசகம் இருக்கத்தான் செய்கிறது.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் என்றால், அதற்கு ஆப்பிளும் ஒரு காரணம். 2013-ல் உருளை வடிவத்தில் மேக் ப்ரோ ஒன்றை விட்டார்கள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் புது மாடலே இல்லை. வெப்பத்தை வெளியேற்றும் வடிவமைப்பில் தாங்களே ஒரு மூலையில் மாட்டிக்கொண்டதாக 2017-ல் பத்திரிகையாளர்களை அழைத்து ஒப்புக்கொண்டார்கள். 2019-ல் புது மேக் ப்ரோ வந்தபோது தொடக்க விலையே 5,999 டாலர். வீடியோ எடிட் செய்து பிழைப்பவர் அந்த ஆறு வருஷம் என்ன செய்வார்? நம்ம ஊர் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிக் கூட்டிய பெட்டி அதில் நாலில் ஒரு பங்கு காசில் அதே வேலையைச் செய்தது. ஹாக்கின்டாஷைத் திட்டுபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது நியாயமில்லை.

சரி, நம்பிக்கைக்கு வருவோம்.

என் கணினியின் ஈஎஃப்ஐ பகுதியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஓப்பன்கோர் என்ற பூட்லோடர் இருக்கிறது. கூடவே ஆறு கெக்ஸ்ட்டுகள். கெக்ஸ்ட் என்றால் கெர்னலுக்குள்ளேயே போய் உட்காரும் துண்டு. எஸ்எம்சி நடிப்புக்கு ஒன்று, கிராபிக்ஸுக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, ஈதர்நெட்டுக்கு ஒன்று, இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளமாக லிலு என்று ஒன்று, யுஎஸ்பி துளைகளின் வரைபடம் ஒன்று. கடைசியானது நானே செய்தது. மற்ற ஐந்தும், பூட்லோடரும்கூட, அசிடான்தெரா என்ற ஒரே தன்னார்வக் குழுவிடமிருந்து வருபவை.

2019-ல் ஓப்பன்கோர் வந்தது இந்தத் துறையில் பெரிய திருப்பம். அதற்கு முன்னால் பல வருஷம் ஹாக்கின்டாஷ் என்றால், யாரோ பிரித்து மேய்ந்து திரும்பக் கட்டிய இன்ஸ்டாலர் ஒன்றை டாரன்ட்டில் இறக்கிப் போடுவதுதான். சிஸ்டம் கோப்புகளிலேயே கை வைத்திருப்பார்கள். எதை மாற்றினார்கள் என்று கேட்கவும் ஆள் கிடையாது. ஓப்பன்கோர் வட்டில் இருக்கும் மேக்ஓஎஸ்ஸைத் தொடுவதே இல்லை. ஆப்பிளிடமிருந்து நேராக இறக்கிய நகல் அப்படியே இருக்கும், மாற்றங்கள் எல்லாம் பூட் ஆகும் நேரத்தில் நினைவகத்தில் மட்டும். மூல நிரல் திறந்து கிடக்கிறது. அதன் கையேட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுவிட்சும் எதற்கு, எந்தப் போர்டில் தேவை, எப்போது போடக் கூடாது என்று ஒரு வக்கீல் எழுதினது மாதிரி இருக்கும். காசு வாங்கி விற்கும் மென்பொருள் பலவற்றுக்கு நான் இப்படி ஒரு கையேட்டைப் பார்த்ததில்லை. டார்டேனியா என்ற குழு எழுதிய வழிகாட்டியும் அதே தரம். அடுத்தவர் செய்த ஈஎஃப்ஐ தொகுப்பை வாங்கிப் போடாதே, உன் போர்டுக்கு நீயே செய் என்று அது திரும்பத் திரும்பச் சொல்கிறது.

யாரும் கேட்பதில்லை, அது வேறு விஷயம். போர்டின் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் தயார் நிலையில் ஜிப் கோப்பு கிடைக்கிறது. இறக்கு, பென் டிரைவில் போடு, பத்து நிமிடத்தில் ஆப்பிள் சின்னம். "மூணு வருஷமா ஓடுது" என்பவர்களில் பலர் இந்த வழியில் வந்தவர்கள்.

இதில் என்ன ஆபத்து என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டி2 சிப் இல்லாத இன்டெல் கணினியில் ஃபைல்வால்ட் போட்டு வட்டை மறையாக்கம் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சொல்லை எப்போது அடிக்கிறீர்கள்? மேக்ஓஎஸ் எழுவதற்கு முன்னால், ஈஎஃப்ஐ நிலையிலேயே. அந்த நேரத்தில் கணினியின் எஜமான் ஆப்பிள் கிடையாது, நீங்கள் இறக்கிய அந்த ஜிப் கோப்பு. நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அது அமைத்துக் கொடுத்த சூழலின் வழியாகத்தான் போகிறது. அதில் ஒரே ஒரு பைனரியில் யாராவது இருபது வரி கூடுதலாகச் சேர்த்திருந்தால் ஃபைல்வால்ட் போட்டும் போடாத கதைதான். கெக்ஸ்ட்டும் அப்படியே. கெர்னலுக்குள் போன பிறகு அதைக் கேள்வி கேட்க மேலே யாரும் இல்லை. வைரஸ் ஸ்கேனர் என்று எதை ஓட்டினாலும் அது கெக்ஸ்ட்டுக்குக் கீழேதான்.

இது என் கற்பனைப் பயம் என்று நினைக்க வேண்டாம். 2015-ல் நடந்த எக்ஸ்கோட்கோஸ்ட் விவகாரம் நினைவிருக்கலாம். ஆப்பிளின் எக்ஸ்கோட் கருவியை அதிகாரபூர்வ இடத்திலிருந்து இறக்கினால் ரொம்ப நேரம் ஆகிறது என்று சீனாவில் பல டெவலப்பர்கள் உள்ளூர்ப் பகிர்வுத் தளத்தில் கிடைத்த நகலை எடுத்துப் போட்டார்கள். அந்த நகலில் ஒட்டுண்ணி இருந்தது. அவர்கள் கட்டிய செயலிகளுக்குள்ளும் அது போய் உட்கார்ந்தது. வீசாட்டின் ஒரு பதிப்புகூடத் தப்பவில்லை, அதுவும் ஆப்பிள் ஸ்டோர் சோதனையைத் தாண்டி. அந்த டெவலப்பர்கள் யாரும் ஏமாளிகள் இல்லை. சீக்கிரம் வேலை ஆகட்டும் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

யூனிக்ஸ் எழுதிய கென் தாம்சன் டூரிங் விருது வாங்கியபோது பேசிய பேச்சு 1984-ல் அச்சில் வந்தது. கம்பைலருக்குள்ளேயே ஒரு கள்ளக் கதவை ஒளித்து வைத்தால், மூல நிரலை எத்தனை முறை படித்தாலும் தெரியாது என்று அதில் செய்முறையோடு காட்டுகிறார். அந்த வாதத்தை நூல் பிடித்தாற்போல் போனால் எந்தக் கணினியையும் நம்ப முடியாது. ஹாக்கின்டாஷ் ஆதரவாளர்கள் இதையே திருப்பிக் கேட்பார்கள்: "ஆப்பிளை மட்டும் எப்படி நம்புற?" நல்ல கேள்வி. என் பதில், யாரை நம்புகிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பதுதான். ஆப்பிளை நம்பினால் பெயர், விலாசம், நீதிமன்றம் எல்லாம் இருக்கிறது. அசிடான்தெராவை நம்பினால் திறந்த நிரலும் பல ஆண்டு வரலாறும் ஆயிரம் கண்களும் இருக்கின்றன. ஜிப் கோப்பு போட்ட ஆளிடம் ஒரு புனைபெயர் மட்டும் இருக்கிறது.

இப்போது அப்டேட். இதில்தான் என் விமர்சனத்தின் கனமான பகுதி இருக்கிறது.

'ஆதரவு இல்லாத' இயங்குதளம் என்கிறோமே, அந்தச் சொல்லே பல அர்த்தங்களை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது. டெபியன் லினக்ஸுக்கும் உத்தரவாதம் ஒன்றும் கிடையாது; உரிமத்திலேயே எழுதிக் கைகழுவிவிடுகிறார்கள். இருந்தும் என் பெட்டியில் டெபியன் ஓட்டினால் நிம்மதியாக இருக்கிறது. ஏனென்றால் அதைச் செய்கிறவர்கள் மேசையிலும் இதே மாதிரிப் பெட்டிதான் இருக்கிறது. ஒரு மாற்றம் ஆர்எக்ஸ் 580-ஐ உடைத்தால் அது பிழை என்று பதிவாகும், யாராவது சரி செய்வார்கள். மேக்ஓஎஸ் குழு ஒன்றை மாற்றும்போது என் பெட்டி அவர்கள் கண்ணிலேயே இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் என்னை எதிர்த்து எதையும் செய்வதில்லை, தங்கள் வீட்டைச் சுத்தம் செய்கிறார்கள். அவர்கள் வேண்டாம் என்று வெளியே போடும் பொருளில் நான் குடியிருக்கிறேன்.

இது எத்தனை முறை நடந்தது பாருங்கள். 2018-ல் மொஹாவே வந்தது. புதிய என்விடியா கார்டுகளுக்கு அதில் டிரைவர் வரவே இல்லை. ஜிடிஎக்ஸ் 1080 வாங்கி வைத்திருந்தவர்கள் பழைய ஹை சியராவிலேயே நின்றுவிட்டார்கள். 2020 கடைசியோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றன. (உண்மையான பழைய மேக் ப்ரோவில் அந்தக் கார்டைப் போட்டிருந்தவர்களுக்கும் இதே கதிதான். ஆகவே ஆப்பிள் முத்திரை மட்டும் எல்லாரையும் காப்பாற்றிவிடவில்லை.) அடுத்து யுஎஸ்பி. ஒரு கன்ட்ரோலருக்கு 15 போர்ட்டுக்கு மேல் மேக்ஓஎஸ் பார்க்காது. யுஎஸ்பி 3 துளை ஒன்றை இரண்டாக எண்ணும். சாதாரண போர்டிலேயே இந்தக் கணக்கு 15-ஐத் தாண்டிவிடும். அந்த வரம்பைத் தூக்கிவிடும் ஒட்டுவேலை ஒன்று ரொம்ப நாள் ஓடிக்கொண்டிருந்தது. 2021-ல் வந்த 11.3 பதிப்பில் அது வேலை செய்யாமல் போனது. துளைகளை ஒவ்வொன்றாகப் பென் டிரைவ் செருகிப் பார்த்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று வரைபடம் செய்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜிப் கோப்பு ஆட்களுக்குக் கீபோர்டே போனது.

வைஃபை கதைதான் எனக்கு முக்கியம். பழைய மேக்குகளில் இருந்த பிராட்காம் வைஃபை கார்டை வாங்கிப் பிசியில் செருகினால் எந்த ஒட்டுவேலையும் இல்லாமல் ஓடும். ஏர்டிராப் உட்பட எல்லாம் வரும். எல்லா வழிகாட்டியும் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்த பொருள் அது. 2023-ல் சோனோமாவில் அந்த டிரைவரை ஆப்பிள் எடுத்துவிட்டது, அந்தக் கார்டு உள்ள மேக்குகள் ஆதரவுப் பட்டியலை விட்டு வெளியே போய்விட்டதால். திரும்பக் கொண்டுவர வழி கண்டுபிடித்தார்கள், கெட்டிக்காரர்கள். எப்படி? பழைய டிரைவரைச் சிஸ்டம் வட்டிலேயே எழுத வேண்டும். பிக் சர் காலத்திலிருந்து சிஸ்டம் வட்டுக்கு ஒரு முத்திரை உண்டு, ஒரு பைட் மாறினாலும் தெரிந்துவிடும். அந்த முத்திரையை உடைக்க வேண்டும். 2015-லிருந்து இருக்கும் எஸ்ஐபி காவலையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். முத்திரை உடைந்த வட்டில் சின்ன அப்டேட் ஏறாது, ஒவ்வொரு முறையும் முழு இன்ஸ்டாலரையே இறக்க வேண்டும். இறக்கி முடித்ததும் ஒட்டுவேலை போய்விடும், மறுபடி ஒட்ட வேண்டும்.

கொஞ்சம் யோசித்தால், ஓப்பன்கோரின் பெருமையே சிஸ்டத்தைத் தொடாமல் விட்டதில்தான் இருந்தது. வைஃபைக்காக அந்த ஒன்றையே விட்டுக் கொடுக்க வேண்டி வந்தது. இன்டெல் வைஃபை கார்டுக்கு மாறிக்கொள்ளலாம், அதற்கும் ஒரு தன்னார்வக் குழுவின் டிரைவர் உண்டு, ஆனால் ஏர்டிராப் கிடைக்காது. நான் ஈதர்நெட் வயரைச் செருகி வைத்திருக்கிறேன். ஒட்டை விட வயர் மேல்.

இன்னொரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐமெசேஜ், ஐகிளவுட் எல்லாம் வேலை செய்ய உங்கள் பெட்டி தன்னை ஒரு ஐமேக் என்று சொல்ல வேண்டும், அதற்கு ஒரு சீரியல் எண் வேண்டும். ஒரு கருவி அதை உருவாக்கித் தரும். வேறு யாருடைய உண்மையான எண்ணாகவும் அது இருந்துவிடக் கூடாது என்று ஆப்பிள் தளத்திலேயே போட்டுப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பொய் அடையாள அட்டையைக் கொடுத்துப் பெயர் பதிந்த கணக்கில் பத்து வருஷத்துக் குடும்பப் படங்களை வைப்பது பற்றி ஒவ்வொருவரும் தானே முடிவு செய்துகொள்ளட்டும். நான் வைக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் எழுத வேண்டும். நம்பகத்தன்மை என்றால் பழுது பார்க்க முடிவதும் அதில் சேர்த்திதானே. என் பெட்டியில் பவர் சப்ளை எரிந்தால் அன்று மாலையே வேறு வாங்கிப் போட்டுவிடலாம். போர்டே போனாலும் எஸ்எஸ்டியைக் கழற்றி இன்னொரு கணினியில் செருகினால் தரவு கைக்கு வந்துவிடும். இன்றைய ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் சேமிப்பகத்தின் மறையாக்கம் சிப்போடு கட்டப்பட்டது. சிப் போனால், பேக்கப் இல்லை என்றால், தரவு போனதுதான். திருடனுக்கு எதிராக அது நல்ல வடிவமைப்பு, இடி மின்னலுக்கு எதிராக அப்படிச் சொல்ல முடியாது.

என் நண்பர் ஒருவர் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அவர் பெட்டியும் என்னுடையதும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். அவருக்கு வேண்டியது ஃபைனல் கட் மட்டும். மான்டெரே பதிப்பில் நிறுத்தி, நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டார். 2024-க்குப் பிறகு மான்டெரேவுக்குத் திருத்தங்கள் வருவதில்லை, ஆனால் வலையில் இல்லாத கணினிக்கு அது பெரிய கவலை இல்லை. முடிந்த வீடியோவை எஸ்எஸ்டியில் எடுத்து வேறு மடிக்கணினியில் செருகி அனுப்புகிறார். ஆல்பத்துக்கு அவசரப்படுத்தும் மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்த அரை மணி நேரத் தாமதம் தெரிவதே இல்லை. ஹாக்கின்டாஷை நம்பி நடத்தும் பிழைப்பில் நான் நேரில் பார்த்த ஒழுங்கான ஏற்பாடு இதுதான். கணினியை எந்த அளவுக்கு நம்ப வேண்டியிருக்கிறதோ அந்த அளவையே அவர் குறைத்துவிட்டார். வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி, மின்னஞ்சல் எதுவும் அந்தப் பெட்டியில் கிடையாது.

ஆனால் அதற்கும் நாள் குறித்தாகிவிட்டது. 2025 ஜூனில் ஆப்பிள் சொன்னது: டாஹோ எனப்படும் மேக்ஓஎஸ் 26-தான் இன்டெல்லுக்குக் கடைசி. அதிலும் நாலே நாலு இன்டெல் மாடல்கள்தான். அதன் பிறகு சில ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். இப்போது புதிதாக ஒருவர் ஹாக்கின்டாஷ் கூட்டலாமா என்று கேட்டால், கற்றுக்கொள்ள என்றால் தாராளமாக, வேலைக்கு என்றால் வேண்டாம் என்பேன். மேக் மினி விலை இன்று இருக்கும் இடத்தில், 2019-ல் சொன்ன காசுக் கணக்கும் நிற்காது.

நண்பரின் கவலை வேறு. பெட்டி நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் தூக்கிப் போட வேண்டும் என்கிறார். அதே பெட்டியில் இன்னொரு எஸ்எஸ்டியைச் செருகி லினக்ஸ் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஃபைனல் கட் அதில் வராது, டாவின்சி ரிசால்வ் வரும். ஆனால் லினக்ஸில் அதன் இலவசப் பதிப்பு எச்.264 கோப்புகளைத் திறப்பதில்லை. அவர் கேமராக்கள் எல்லாம் எழுதுவது எச்.264. எனவே எடிட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு முகூர்த்தத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை ஜிபி கூடும் என்று இப்போது அளந்துகொண்டிருக்கிறோம். எண்கள் கைக்கு வந்ததும் தனிப் பதிவாகப் போடுகிறேன்.